கார் மேல் காய்ந்த நீர்த்துளி

குடவாசல் கடைத்தெருவில் முகூர்த்த நாட்களில் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில்தான் கழுவியிருப்பார்கள். ஆனாலும் கறுப்பு, கருநீல நிறக் கார்களின் பானெட்டில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளை வட்டங்கள் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் மறைந்ததுபோல் இருக்கும். ஈரம் காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்கும். "போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி" என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் எந்த உப்பு? அதைத் தெரிந்துகொண்டால்தான் கறையையும் எடுக்க முடியும், காரையும் காப்பாற்ற முடியும்.

நாம் சமையலில் போடும் உப்பாக இருந்தால் கவலையே இல்லை. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 360 கிராம் சமையல் உப்பு கரையும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே அந்தக் கறை போய்விடும். போகாத கறை கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள். தூய நீர் ஒரு லிட்டரில் இது 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும்.

கரையாத பொருள் எப்படித் தண்ணீரோடு கிணற்றிலிருந்து ஏறி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளிவிட்ட கரியமில வாயுவைத் தன்னுள் ஏற்று, மெல்லிய அமிலமாகிறது. அது மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. பைகார்பனேட் நீரில் நன்றாகக் கரையும். இதுவே பாடத்தில் நாம் படிக்கும் தற்காலிகக் கடினத்தன்மை. வெயிலில் சூடேறிய தகட்டின் மேல் துளி விழுந்ததும் இந்த வினை பின்னோக்கித் திரும்புகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது, நீர் ஆவியாகிறது, கால்சியம் கார்பனேட் தகட்டில் தங்குகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடுபோல் படியும் வெள்ளையும் இதுதான்.

வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28ஆம் நாள் மூடப்பட்டால் மீண்டும் திறப்பது ஜூன் 12ஆம் நாள். இடைப்பட்ட மாதங்களில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும். கார் கழுவ ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. கடினமான நீரும் கடுமையான வெயிலும் ஒன்றாகச் சேரும் காலம் அது. கறுப்புக் காரின் பானெட்டை அப்போது கையால் தொட முடியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதிக்கும் கடினத்தன்மையின் உச்ச அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராம். அத்தகைய நீரின் ஒரு துளி 0.05 மில்லிலிட்டர் என்று கொள்வோம். அதில் இருப்பது 0.03 மில்லிகிராம் மட்டுமே. அத்தனையும் 5 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் சமமாகப் படிந்தாலும் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம் ஏன் பளிச்சென்று தெரிகிறது? கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமும் அதே அளவுதான். ஆகவே இந்தப் படிகத் துகள்கள் ஒளியை நன்றாகச் சிதறடிக்கின்றன. ஈரம் பட்டால் துகள்களின் இடைவெளியை நீர் நிரப்பிவிடுவதால் சிதறல் குறைந்து, கறை மறைந்தாற்போல் தோன்றுகிறது.

உண்மையில் கறை சமமாகப் படிவதில்லை. ஓரத்தில் தடித்து வளையமாகிறது. துளியின் விளிம்பு தகட்டைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்க, விளிம்பில் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. வரும்போது தன்னிலுள்ள பொருளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. மேசையில் சிந்திய காப்பி வளையமாகக் காய்வதும் இப்படியே. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் அவருடைய குழுவினரும் இதை விளக்கி 'நேச்சர்' இதழில் எழுதினர். அன்றாடம் காண்பதற்குக்கூட விளக்கம் எவ்வளவு காலம் கழித்து வந்தது பாருங்கள்!

துளி லென்சுபோல் வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடுகிறது என்றும் சிலர் சொல்வதுண்டு. தட்டையான பரப்பில் படிந்த துளியின் குவியம் பரப்புக்கு மிகவும் கீழே விழும். ஆகவே இது வெறும் கதைதான்.

இனிக் கறையை எடுப்போம். கார்பனேட் என்றதும் அமிலம் என்பது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். சமையல் வினிகரில் 4 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் உண்டு. அதில் அதே அளவு நீர் கலந்து கொள்ளுங்கள். கார் நிழலில் இருக்க வேண்டும்; தகடு ஆறியிருக்க வேண்டும். முதலில் தூசி போகக் கழுவிவிட்டு, வினிகர் நீரில் நனைத்த பருத்தித் துணியைக் கறையின் மேல் ஓரிரு நிமிடம் போட்டு வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நிறைய நீரால் அலச வேண்டும். உண்டாகும் கால்சியம் அசெட்டேட் நீரில் எளிதில் கரைந்து போய்விடும். பித்தளைப் பாத்திரத்தைப் பளபளக்கச் செய்யும் புளி இங்கே உதவாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்துடன் சேர்ந்தால் கிடைக்கும் உப்பும் அரிதாகவே கரையும்!

அவசரப்பட்டுக் கழிவறை ஆசிட்டை எடுக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் இரும்பை அரிக்கும். பிளீச்சிங் பவுடருடன் கலந்துவிட்டால் நச்சுக் குளோரின் வாயு எழும்.

நம் பக்கத்தில் அதைவிடச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. பாத்திரம் துலக்கும் பழக்கத்தில், அரிசி ஆலைச் சாம்பலையோ நைசான மணலையோ தொட்டுத் தேய்ப்பார்கள். கால்சியம் கார்பனேட்டின் கடினம் மோஸ் அளவில் 3; மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் கண்ணாடிபோன்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய 40 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கறை போகும், கூடவே ஆயிரம் கீறல்கள் விழும். கீறல் வினிகருக்குப் போகாது.

வினிகர் போட்டும் புள்ளி போகவில்லையானால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா படிந்திருப்பது. இந்த அமிலங்கள் அதைக் கரைக்காது. மற்றொன்று, பூச்சே அரிக்கப்பட்டிருப்பது. பறவை எச்சமோ அமில மழைத்துளியோ காயக் காயச் செறிவு கூடிப் பூச்சைத் தின்றுவிடும். விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள்: மேடாகத் தட்டினால் படிவு, குழியாக இருந்தால் அரிப்பு. குழியைத் துடைத்து எடுக்க முடியாது. சுற்றியுள்ள பூச்சைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக் குழியின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருப்பதே 40 மைக்ரான் என்பதால் இதைப் பலமுறை செய்ய இயலாது. கை தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. வாடகைக் காரை நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு பானெட்டை மறுபடி வர்ணம் அடிப்பது பெருஞ்செலவு.

மெழுகு பூசினால் புள்ளியே விழாது என்பதும் முழு உண்மையன்று. மெழுகின் மேல் நீர் முத்து முத்தாகத் திரளும். புள்ளி சிறிதாகவும் தடிப்பாகவும் விழும். ஆனால் பெயின்டைப் பற்றாமல் மெழுகின் மேலேயே நிற்பதால் எடுப்பது எளிது. அதிகாலையிலோ மாலையிலோ கழுவி, நீர் காயுமுன் துணியால் துடைத்துவிட்டால் மெழுகுகூட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கக் கார் தேவையில்லை. மூன்று கண்ணாடித் துண்டுகளில் மழைநீர், ஆற்றுநீர், ஆழ்குழாய் நீர் ஒவ்வொரு துளி இட்டு வெயிலில் காயவிடுங்கள். ஆற்றுநீரைத் தெளியவைத்து எடுங்கள்; இல்லையேல் வண்டலும் சேர்ந்து படியும். காய்ந்தபின் கறுப்புத் தாளின் மேல் வைத்து லென்சால் பாருங்கள். ஆழ்குழாய் நீரின் வளையத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழக்கூடும். துளியிலிருந்து முன்பு வெளியேறிய கரியமில வாயுவின் மறுபாதி அது.