கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கிழக்காசியாவில் எங்கே இடம்?

கிழக்காசியச் சுற்றுலா என்றதும் பயண முகவர்கள் நீட்டும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தைவான் என்றால் தைப்பே இரவுச் சந்தை. ஜப்பான் என்றால் தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா. தென்கொரியா என்றால் சோல் நகரின் மியோங்டோங் கடைத்தெரு. ஐந்து நாள், நான்கு இரவு. கோலாலம்பூர் எல்ஆர்டியிலோ சிங்கப்பூர் எம்ஆர்டியிலோ ஆண்டு முழுவதும் இடிபட்டுப் பயணம் செய்தவர், சேமித்த பணத்தைச் செலவழித்து அங்கே போயும் இடிபடத்தான் வேண்டியிருக்கிறது. தோக்கியோவின் ஷிஞ்சுக்கு ரயில் நிலையத்தை மட்டும் நாளொன்றுக்கு 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் பயன்படுத்துகின்றனர்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்து பழகிய பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பாவுக்குச் சர்க்கரை, இருவருக்கும் வெள்ளிக்கிழமை சைவம். பெரிய நகரத்தின் சுரங்க ரயில் படிகளில் ஏறி இறங்கியே இரண்டு நாள் போய்விடும். மூன்றாம் நாள் விடுதி அறையை விட்டு வெளியே வர மாட்டார்கள். அவர்களுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணமாக இருக்கலாம். கடைசியாகவும் இருக்கலாம்.

அதற்காகக் கிழக்காசியாவையே ஒதுக்க வேண்டியதில்லை. அந்த நாடுகளில் மக்கள் சீராகப் பரவி வாழவில்லை. ஒரு பக்கமாகக் குவிந்து வாழ்கிறார்கள். தென்கொரியாவின் சுமார் 5.1 கோடி மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சோலிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இருக்கின்றனர். தைவானின் 2.3 கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோர் மேற்குச் சமவெளியில் இருக்கின்றனர். ஆகவே எந்த நாட்டுக்குப் போவது என்று கேட்பதைவிட, அந்த நாட்டின் எந்தப் பக்கத்துக்கு, எந்த வாரத்தில் போவது என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் வாரம்

தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்யும் பலருக்கு நீண்ட விடுப்பு கிடைப்பது சீனப் பெருநாளின்போதுதான். கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவருக்கு அதைவிட மோசமான வாரம் இல்லை. தைவானிலும் தென்கொரியாவிலும் அதே நாள்களில்தான் ஊரே சொந்த ஊருக்குத் திரும்புகிறது. ரயில் இருக்கைகள் தீர்ந்துவிடும்; சிற்றூர்களில் உணவுக் கடைகள் மூடியிருக்கும். ஜப்பானியர்கள் 1873 முதல் ஜனவரி முதல் நாளையே புத்தாண்டாகக் கொள்கின்றனர் என்றாலும், சீனாவிலிருந்து விடுமுறைக்கு வருவோரால் அங்கும் நெரிசல் கூடும்.

ஜப்பானில் தவிர்க்க வேண்டியவை: ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறை, மூதாதையரை வழிபடும் ஓபோன் நாள்கள் வரும் ஆகஸ்ட் நடுப்பகுதி, டிசம்பர் 29 தொடங்கிப் புத்தாண்டு முடியும் வரையிலான நாள்கள். தென்கொரியாவில் இலையுதிர் காலத்தில் வரும் சூசோக் அறுவடைத் திருநாள். சீனாவில் தேசிய தினத்தை ஒட்டிய அக்டோபர் முதல் வாரம். இந்த ஒரு வாரம் சுற்றியுள்ள நாடுகளையும் நிரப்பிவிடும்.

தீபாவளி முடிந்த பிறகு வரும் வாரங்களும் டிசம்பரின் முதல் மூன்று வாரங்களும் பெரும்பாலும் அமைதியானவை. பள்ளி விடுமுறையோடு அவை பொருந்தும் ஆண்டில் பிள்ளைகளும் உடன் வரலாம். கியோத்தோ போன்ற இடங்களில் மட்டும் நவம்பர் முழுவதும் செவ்விலை பார்க்கும் கூட்டம் நிற்கும்.

தைவானின் மறுபக்கம்

பெற்றோருடன், சைவ உணவோடு, முதல் முறை போகும் குடும்பத்துக்குக் கிழக்காசியாவில் ஓர் இடத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அது தைவானின் கிழக்குக் கரை. நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மத்திய மலைத்தொடர், தைவானை இரண்டாகப் பிரிக்கிறது. தைப்பேயையும் காவ்சியோங்கையும் இணைத்து 2007-இல் ஓடத் தொடங்கிய அதிவேக ரயில் மேற்குப் பக்கத்தோடு நின்றுவிட்டது. கிழக்கில் ஹுவாலியன், தைதோங் என்ற இரு மாவட்டங்கள். தைதோங் மாவட்டத்தின் பரப்பு நம் பெர்லிஸ் மாநிலத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். மக்கள் தொகையோ பெர்லிசைவிடக் குறைவு, சுமார் 2.1 இலட்சம்.

இரு மாவட்டங்களுக்கும் இடையே, மத்திய மலைத்தொடருக்கும் கடலோர மலைத்தொடருக்கும் நடுவில், ஒரு நீண்ட பள்ளத்தாக்கு கிடக்கிறது. ரயில் அதன் வழியேதான் ஓடுகிறது. இரு பக்கமும் மலை, நடுவில் நெல் வயல், ஆங்காங்கே வெந்நீர் ஊற்றுகள். தைதோங் நகருக்கு அருகிலுள்ள சிபென்னில் வெந்நீர்க் குளியல் வசதி கொண்ட விடுதிகள் உண்டு. மூட்டு வலிக்காரர்கள் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் கிளம்புவார்கள்.

பள்ளத்தாக்கில் சிஷாங் என்ற ஊர் அரிசிக்குப் பெயர் போனது. அங்கே வயல் நடுவே மின்கம்பமே இல்லாத ஒரு சாலை இருக்கிறது. 2013-இல் ஒரு விமான நிறுவன விளம்பரத்தில் நடிகர் ஒருவர் அங்குள்ள மரத்தடியில் அமர்ந்து தேநீர் அருந்தினார். மறுநாளிலிருந்தே அந்த மரத்தடியில் கூட்டம்தான். அடுத்த ஆண்டு சூறாவளியில் மரம் சாய்ந்தது; அதைத் தூக்கி நிறுத்தி மீண்டும் நட்டார்கள். இன்றும் வார இறுதியில் அங்கே படம் எடுக்க வரிசை நிற்கும். அதற்காக ஊரைத் தவிர்க்க வேண்டியதில்லை. வார நாளில் போய், வாடகைச் சைக்கிளை இரண்டு வரப்பு தள்ளி ஓட்டினால் போதும்; நாரையும் தண்ணீர்ச் சத்தமும் மட்டுமே துணை.

சாப்பாட்டுக் கவலை இங்கே வெகுவாகக் குறைகிறது. பௌத்த மரபினால் தைவானில் சைவ உணவகங்கள் சிற்றூர்களிலும் உண்டு. பல கடைகளின் பெயர்ப் பலகையில் சுவஸ்திகா சின்னம் இருக்கும். அது அங்கே பௌத்தத்தின் அடையாளம். தட்டில் வேண்டியதை எடுத்து, எடைக்கு ஏற்பப் பணம் கட்டும் கடைகள் மலிவானவை. பொட்டலத்தில் விற்கும் சைவ உணவுக்கு எந்த வகைச் சைவம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம்: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகை சேர்ந்தது என ஐந்து பிரிவு. விரத நாளில் வெங்காயம், பூண்டு தொடாதவருக்கு இந்தக் கடைசிப் பிரிவு எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும். மாட்டிறைச்சி நூடல்ஸ் தைவானில் பிரபலம் என்பதால் அசைவம் உண்பவர்கள்தான் கேட்டுச் சாப்பிட வேண்டும். உழவுக்கு உதவிய மாட்டைத் தின்னக்கூடாது என்று மாட்டிறைச்சியைத் தொடாத பழைய தலைமுறை விவசாயிகள் தைவானிலும் உண்டு.

பினாங்கில் சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் சூச்சி பௌத்த அறநிறுவனத்தைப் பலர் அறிந்திருப்பர். அது 1966-இல் தொடங்கப்பட்டது இந்த ஹுவாலியனில்தான். அதன் பெரிய மருத்துவமனையும் அங்கே 1986 முதல் இயங்குகிறது. வயதானவர்களோடு போகும்போது பக்கத்தில் நல்ல மருத்துவமனை இருப்பது சிறிய செய்தி அல்ல.

இன்னொன்று. இந்தக் கரையில் வாழும் பூர்வகுடிகளில் பெரிய இனமான அமிஸ் மக்களின் மொழியில் கண்ணுக்கு 'மத்தா', ஐந்துக்கு 'லிமா'. மலாய் பேசத் தெரிந்த யாருக்கும் இது புரியும். மலாய் உள்ளிட்ட மொழிகளின் பெருங்குடும்பம் தைவானிலிருந்துதான் பரவியது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. சந்தையில் ஓர் அமிஸ் பாட்டியிடம் மலாயில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிப் பார்த்தால் பேரம் சற்று எளிதாகலாம்.

கூட்டம் இல்லாததற்குக் காரணம் உண்டு

அமைதியான இடங்கள் சும்மா அமைதியாக இருப்பதில்லை. 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி ஹுவாலியனை உலுக்கிய நிலநடுக்கம், புகழ்பெற்ற தாரோகோ பள்ளத்தாக்கைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. சீரமைப்பு பல ஆண்டு வேலை. பழைய படங்களைக் காட்டி அந்தப் பள்ளத்தாக்கையே முதன்மையாக விற்கும் முகவரிடம், இப்போது எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் சூறாவளி மழையில் மலையில் தேங்கிய ஏரி உடைந்து, ஹுவாலியன் மாவட்டத்தின் குவாங்ஃபு ஊரில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இக்கரைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. டிசம்பரில் அந்த ஆபத்து நீங்கியிருக்கும். தைதோங்கில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும். கேமரன் மலை இரவுக்குப் பழகியவருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும்.

அடுத்தது போக்குவரத்து. ரயில் நிலையம் வரை எல்லாம் சரியாக நடக்கும். அங்கிருந்து விடுதிக்குப் போகும் பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறையோ ஐந்து முறையோதான் வரும். கூட்டமில்லாத இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விடுதியின் படத்தை அல்ல, கடைசிப் பேருந்தின் நேரத்தை. தைவானில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், பெற்றோருடன் போகிறவர்கள் ஓட்டுநரோடு ஒரு வேனை இரண்டு நாளுக்கு அமர்த்திக்கொள்வது பாதுகாப்பானது. ஆறு பேர் பகிர்ந்தால் செலவு தாங்கும்.

ஜப்பானில் ஷிகோக்கு

ஜப்பானுக்கு 2024-இல் வந்த வெளிநாட்டவர் சுமார் 3.68 கோடிப் பேர். பெரும்பாலோர் தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா வழித்தடத்தை விட்டு நகர்வதில்லை. ஒசாக்காவில் இறங்கி, ஒக்காயாமா வழியாகக் கடற்பாலத்தைக் கடந்தால் ஷிகோக்கு தீவு. அங்கே 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி வரும், சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமான யாத்திரைப் பாதை உண்டு. வெள்ளை உடையில் நடந்து வரும் யாத்ரீகர்களுக்கு ஊர் மக்கள் பழமும் தேநீரும் கொடுத்து அனுப்புவார்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தீவின் நடுவே இயா பள்ளத்தாக்கு. காட்டுக் கொடிகளால் பின்னிய 45 மீட்டர் நீளத் தொங்குபாலம் அங்கே இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். அதே பள்ளத்தாக்கில் நாகோரோ என்ற சிற்றூர். இளையோர் நகரங்களுக்குப் போய்விட, 2012-இல் கடைசி இரு மாணவர்களோடு பள்ளி மூடப்பட்டது. இறந்தவர்களுக்கும் ஊரை விட்டுப் போனவர்களுக்கும் பதிலாக ஆள் உயரப் பொம்மைகளைச் செய்து வகுப்பறையிலும் வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும் உட்கார வைத்திருக்கிறார்கள். மூடப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் அந்த வகுப்பறை வாசலில் நிற்பதும், மற்றச் சுற்றுப்பயணிகள் அங்கே படம் எடுப்பதும் ஒன்றாக இருக்காது.

ஷிகோக்குவில் காரோட்டுவது நமக்கு எளிது, சாலையின் இடப்பக்கம்தான். மலேசியர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக வாகனமோட்டும் உரிமம் எடுத்துச் செல்ல வேண்டும். சாப்பாடுதான் சிரமம். காய்கறிக் குழம்பாகத் தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். கண்டிப்பான சைவர்கள் சமையலறை உள்ள தங்குமிடத்தை எடுத்து, அரிசி, பருப்பை மூட்டையில் வைத்துக்கொண்டால் பட்டினி இருக்காது.

தென்கொரியாவில் தெற்கே சுன்சோன் நகரம். நாணல் நிறைந்த கழிமுகம், பக்கத்து மலைகளில் சோனாம்சா, சோங்குவாங்சா என்ற இரண்டு பழைய மடாலயங்கள். மடத்தில் ஓரிரவு தங்கலாம். உணவு பூண்டு வெங்காயம் இல்லாத சைவம். ஆனால் தரையில் படுக்கை, விடியலுக்கு முன் எழுப்பும் மணி. பெற்றோருக்கு ஒத்துவருமா என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யலாம். மங்கோலியா பரந்து கிடக்கிறது. ஆட்டிறைச்சியும் கடுங்குளிரும் தாங்குபவர்களுக்கு மட்டும். நீண்ட விடுப்பு இல்லாதவர்கள் ஹாங்காங்கைக்கூட எண்ணிப் பார்க்கலாம்: நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பசுமைப் பூங்கா. படகில் அரை மணி நேரத்தில் காரே ஓடாத லாம்மா தீவு.

பதிவு செய்யும் வரிசை

தைவானுக்கு மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் 30 நாள் வரை விசா இன்றிச் செல்லலாம். வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஜப்பானுக்கு 90 நாள். தென்கொரியாவுக்கு மலேசியர்கள் புறப்படும் முன் கே-ஈடிஏ என்ற இணைய அனுமதியைப் பெற வேண்டும். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் வாங்கும் அன்று அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கிழக்குத் தைவானுக்கு, தைப்பேயில் இறங்காமல் தெற்கே காவ்சியோங்கில் இறங்குவது பெற்றோருக்கு இதமானது. அங்கிருந்து தைதோங்குக்கு ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். பாதி வழி கடலோரம். தைப்பேயிலிருந்து என்றால் விரைவு ரயிலிலும் மூன்றரை மணி நேரம் ஆகும். ரயில் இருக்கைகளுக்கான பதிவு பயணத்துக்குச் சுமார் நான்கு வாரங்களுக்கு முன் திறக்கும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்கள் சீக்கிரமே நிறைந்துவிடும். திங்கள் அல்லது செவ்வாய் போய், வியாழன் திரும்புவதுபோல் விமான டிக்கெட்டை அமைத்துக்கொண்டால், அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்துவிடும். போகும்போது கடல் பார்க்க வலப்பக்க ஜன்னல்.