கேமராவுக்கும் அப்டேட் தேவை!

காஞ்சிபுரத்தில் தறியில் உள்ள பட்டையும் ஜரிகையையும் காக்க, நெசவாளர் ஒருவர் வீட்டில் கேமரா பொருத்துகிறார் என வைத்துக் கொள்வோம். மாட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. கேமராவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதை இயக்கும் சாப்ட்வேருக்குப் பெயர் பெர்ம்வேர்.

2016ல் ‘மிராய்’ என்ற வைரஸ் புரோகிராம், தொடக்க பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களில் புகுந்தது. அவற்றின் மூலம் அக்டோபர் 21ல் டைன் நிறுவன சர்வர்கள் தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. கேமராவை ஆப் செய்தால் மிராய் நீங்கிவிடும். பழைய பாஸ்வேர்டே இருந்தால் மீண்டும் புகுந்துவிடும்.

எனவே முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பின்னர் செட்டிங்ஸ் பகுதியில் பெர்ம்வேர் அப்டேட் உள்ளதா எனப் பாருங்கள். உங்கள் மாடலுக்குரிய பைலை மட்டும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து டவுண்லோட் செய்திடுங்கள். அப்டேட் நடக்கையில் மின்சாரம் நின்றால் கேமரா செயலிழக்கலாம், யு.பி.எஸ். இணைப்பில் வைத்துச் செய்வது நல்லது.