நம் வாசலில் ஒரு தீவு

பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு

விடுமுறை நெருங்குகிறது என்றதும் எங்கள் வகுப்பில் தீவுகளைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிட்டது. ஒரு நண்பர் அந்தமானுக்குப் போக வேண்டும் என்றார். மற்றொருவர் மாலத்தீவு என்றார். இன்னொருவர் பாலித் தீவு என்றார். தென்னையும் வெண்மணலும் நீலக்கடலும் நிறைந்த படங்களைக் கைப்பேசியில் காட்டி மகிழ்ந்தனர். இராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் கப்பல் ஊதும் ஒலியைக் கேட்டே வளர்ந்த எனக்கும் அந்த ஆசை இல்லாமற் போகுமா?

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் ஆயா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "தீவு பாக்க இன்னாத்துக்குடா நைனா கப்பல் ஏறணும்? நான் பொறந்ததே தீவுலதான்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயா பிறந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம் என்பது தெரியும். அது தீவு என்பது தெரியாது! உலக வரைபடத்தில் தீவுகளைத் தேடிக்கொண்டிருந்தவன் என் வீட்டு வாசலில் இருந்த தீவை அறியாமல் இருந்துவிட்டேன். வெட்கம் ஒருபுறம், ஆவல் ஒருபுறம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆயாவையும் வகுப்புத் தோழர் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அங்கு நான் கண்டதையும், பின்னர் நூலகத்தில் படித்து அறிந்ததையும் மாணவ நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே இருக்கிறது?

கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் இராயபுரம், திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என நாம் நன்கறிந்த ஊர்களையெல்லாம் கடக்கலாம். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தின் மேல் செல்லும். கீழே விரிந்து கிடப்பது கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழி. வலப்புறம் தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கேதான் தீவு தொடங்குகிறது.

அதன் பெயர் காட்டுப்பள்ளித் தீவு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம், கிழக்கே வங்கக்கடல், மேற்கே கழியும் பக்கிங்காம் கால்வாயும் ஏரியும். நாற்புறமும் நீர் சூழ்ந்த இந்த மணல் நிலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனால் அகலமோ மிகக் குறைவு. ஒரு நீண்ட வாளைக் கடலோரம் கிடத்தி வைத்தாற்போன்ற தோற்றம்.

மணலின் பயணம்

பாறையே இல்லாத இத்தீவு எப்படித் தோன்றியது? இது அலைகளின் கைவண்ணம். நம் கரையில் அலைகள் நேராக வந்து மோதுவதில்லை. சற்றே சாய்வாக வந்து மோதுகின்றன. ஆதலால் கரையோர மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் அது நகர்கிறது. கணக்குப் பார்த்தால் வடக்கே செல்லும் மணலே அதிகம். அப்படிச் சென்ற மணல் ஆற்று முகங்களுக்கு எதிரே திட்டாகப் படிந்து, காற்றால் மேடாக உயர்ந்து, தீவாக நிலைபெற்றது.

இந்த மணலின் கதை இராயபுரத்து மக்களுக்குப் புதிதன்று. 1875ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள் வடக்கே செல்லும் மணலைத் தடுத்து நிறுத்தின. விளைவு என்ன? தெற்கே மெரினாக் கடற்கரை அகன்று வளர்ந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் மெரினா மணல், நம் கரைக்கு வராமல் நின்றுபோன மணல் என்றால் மிகையாகாது. இன்று நம் கரையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களே அதற்குச் சாட்சி.

ஆயா தோண்டிய ஊற்று

பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் பழவேற்காடு சென்றோம். அங்கிருந்து ஏரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கம் நிற்கும் குப்பம். அதுவே தீவின் வடகோடி. கால் வைத்ததும் ஆயாவின் நடையில் ஒரு வேகம் வந்துவிட்டது! கரையோரமாகவே தெற்கு நோக்கி எங்களை அழைத்துச் சென்றார்.

வெயில் ஏறியது. நாங்கள் கொண்டு சென்ற தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடலுக்கும் எங்களுக்கும் இடையே முந்நூறு அடிகூட இராது. ஆயா ஒரு மணல்மேட்டின் அடிவாரத்தில் உட்கார்ந்து, கையாலும் தேங்காய் ஓட்டாலும் மணலைத் தோண்டினார். முழங்கை ஆழம் வந்ததும் ஈரம் கசிந்தது. சற்றுப் பொறுத்ததும் தெளிந்த நீர் ஊறி நின்றது. "குடிச்சுப் பாரு" என்றார். உப்புக் கரிக்கும் என்று அஞ்சியபடியே வாயில் வைத்தேன். இனிப்பான நல்ல நீர்!

இதன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தேன். மழைநீர் மணல்மேட்டில் இறங்குகிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைந்தது. ஆகவே அது கடல்நீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நல்ல நீர் நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. இதை மறுபுறமாகவும் எண்ணிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பாகிவிடும். அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்த வரலாறு நமக்குப் பாடமாக இருக்கிறது. மணல்மேடு வெறும் மண்குவியல் அன்று. அது ஒரு நீர்த்தொட்டி.

அந்த மேட்டைக் காப்பவை இரண்டு எளிய தாவரங்கள். ஒன்று ஊதாப் பூப் பூக்கும் அடம்பங்கொடி. மற்றொன்று முள்முள்ளாய் உருண்டு கிடக்கும் இராவணன் மீசை. இவற்றின் வேர்கள் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இம்மணலில்தான் தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது; வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் பெருகும். இயற்கையின் விந்தைதான் என்னே!

ஏரியும் பாடும்

தீவின் மேற்கே விரிந்திருப்பது பழவேற்காட்டு ஏரி. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. மணல் தீவு அலைகளைத் தடுத்து நிற்பதால்தான் ஏரி அமைதியாக இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் கண்டல் செடிகளின் வேரிடுக்கிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும், வலையும் வெறுமையாகும்.

மீனவர் இங்கே ஒரு சீரிய வழக்கத்தைப் போற்றி வருகின்றனர். ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களைப் 'பாடு' என்பர். எந்த நாளில் யார் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக் கொள்கின்றனர். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். வலியவர் எளியவர் என்ற பேதம் குறைகிறது. ஏரியும் ஒரே இடத்தில் சுரண்டப்படுவதில்லை. வலையின்றிக் கையாலேயே சேற்றில் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களையும் இங்கே காணலாம்.

பனிக்காலத்தில் சென்றால் பூநாரைக் கூட்டத்தைக் காணலாம். அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்று நீரை வடிகட்டி உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நுண்ணிய பாசியும் கூனியுமே அவற்றின் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன.

டச்சுக்காரர் விட்டுச் சென்றவை

வரலாற்று மாணவனாகிய எனக்குப் பழவேற்காட்டு ஊரே ஒரு பாடநூலாகத் தோன்றியது. போர்ச்சுகீசியருக்குப் பின் இங்கு வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை நிறுவினர். தம் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். நம் நெசவாளர் நெய்த துணியை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து, அங்கு விளைந்த நறுமணப் பொருள்களைப் பெற்றனர். மலாய் மக்கள் இன்றும் கைலியைப் 'பெலிக்காட்' என்று அழைப்பது பழவேற்காட்டின் பெயரால்தான்! ஆனால் துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சத்தால் வாடிய நம் மக்களும் அடிமைகளாக விற்கப்பட்டு இக்கரையிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். அதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கோட்டை இன்று புதர் மூடிய மேடாகிவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் எஞ்சி நிற்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நம்மை வரவேற்கின்றன. உள்ளே 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். உலகக் கடல்களை ஆண்டவர்கள் அமைதியாக உறங்குகிறார்கள்! அவர்கள் சென்ற பின்னும் ஏரியில் வலை வீசும் மக்கள் இருக்கின்றனர். ஊர்ப் பெண்கள் பனையோலையில் வண்ணக் கூடைகள் முடைந்து விற்கின்றனர். நாங்களும் ஒன்று வாங்கினோம்.

தீவின் இன்றைய நிலை

தீவின் தென்பகுதி இன்று வேறு உலகம். 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இப்போது காமராசர் துறைமுகம் என வழங்குகிறது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் அளவில் 2010இல் தொடங்கப்பட்டது.

இவற்றை நான் பழித்துப் பேச முடியாது. என் தந்தையார் துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்திலிருந்தே வந்தது. நம் வகுப்பறை மின்விசிறி சுழல்வதும் கப்பலில் வரும் நிலக்கரியால்தான். ஆனால் ஆயாவின் கணக்கையும் நான் மறக்க முடியாது. நிலக்கரிச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழியின் ஆழம் குறைந்தது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழியெங்கும் படிந்தது. கடலுக்குள் புதிய சுவர் எழும்போதெல்லாம் அதற்கு வடக்கிலுள்ள கரை மணலை இழக்கிறது. இராயபுரத்தின் கதை மீண்டும் நடக்கிறது.

திரும்பும் வழியில் என் நண்பர் ஒருவர், "வெறும் மணல்தானே, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!" என்றார். காலையில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆயா கோபப்படவில்லை. "சும்மா கெடக்கல கண்ணு. கடல அந்தாண்ட நிறுத்திக்கினு கெடக்குது" என்றார். புவியியல் நூல் பல பக்கங்களில் சொன்னதை ஆயா ஒரே வரியில் சொல்லிவிட்டார்! நண்பர் பதில் பேசவில்லை. ஆயா தோண்டிய ஊற்றில் இரண்டு முறை நீர் குடித்தவர் அவர்தான்.

செல்ல விரும்புவோர்க்கு

மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. விடியற்காலை ரயிலில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பலாம். உணவும் தண்ணீரும் உடன் கொண்டு செல்லுங்கள். வெறும் பாட்டில்களைத் திரும்ப எடுத்து வாருங்கள். அடம்பங்கொடியை மிதிக்காதீர்கள். பறவைகளைக் கூச்சலிட்டு விரட்டாதீர்கள். படகைப் பொறுத்தவரை விளையாட்டு வேண்டா. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த துயரத்தை இந்த ஏரி கண்டிருக்கிறது.

நண்பர்களே! அந்தமானுக்கும் பாலிக்கும் செல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் ஒருநாள் நம் வாசலிலுள்ள தீவையும் பாருங்கள். நாளை நம்மில் சிலர் வருவாய்த்துறையில் அலுவலராகலாம்; சிலர் துறைமுகத்தில் பணி செய்யலாம். அப்போது ஒரு வரைபடத்தில் இந்த மணல் நிலம் 'காலியிடம்' என்று குறிக்கப்பட்டு நம் மேசைக்கு வரலாம். ஒருமுறை அங்கே தோண்டிய ஊற்றில் நீர் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையெழுத்திட மாட்டார் என்று நம்புகிறேன்.