கடற்கரை அடம்பு

பங்குனி வெயில் ஏறுமுன் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போனால், மணலில் படர்ந்த கொடியில் புனல் வடிவ இளஞ்சிவப்புப் பூக்களைப் பார்க்கலாம். தடித்த இலை, நுனியில் பிளந்து ஆட்டுக் குளம்பு போலிருக்கும். அதுதான் அடம்பு. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் பாடிய அடும்பும் இதுவே.

1753-இல் லின்னேயஸ் இதைக் கன்வால்வுலஸ் பேரினத்தில் சேர்த்தார். பிரேசில் கடற்கரையில் வளரும் இதேபோன்ற கொடியை வேறு இனமென்று பிரித்து, தனிப்பெயரும் வைத்தார். 1818-இல் ராபர்ட் பிரவுன், காங்கோ ஆற்றுப் பயணத்தில் சேகரிக்கப்பட்ட செடிகளைப் பற்றி எழுதியபோது, அடம்பை ஐப்போமியா பேரினத்துக்கு மாற்றினார். பிரேசில் கொடியும் இதே இனத்தின் துணையினம் என்று பின்னாளில் ஆனது. நம் கரைக்கும் பிரேசில் கரைக்கும் இடையே பெருங்கடல் கிடக்கிறதே என்கிறீர்களா? ரோமம் போர்த்திய இதன் விதை உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும்!

நாம் அவித்துச் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஐப்போமியாதான். அதற்காக அடம்பைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணல்மேட்டைக் காற்று கொண்டுபோகாமல் காப்பது இந்தக் கொடி. பூ மதியத்துக்குள் வாடிவிடும். பார்க்க விரும்புவோர் காலையிலேயே போங்கள், கொடியை மிதிக்காமல் நடங்கள்.