தீப்பெட்டி இரயில்

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு விளையாட்டே பாடம். செலவில்லாத அத்தகைய பாடம் ஒன்றை எங்கள் ஊர்க் குழந்தைகளோடு செய்து பார்த்தேன்.

வேண்டுவன 5 காலித் தீப்பெட்டிகளும் நூலும். நான்கின் உள்தட்டுகள் சரக்குப் பெட்டிகள்; மூடிய முழுப்பெட்டி இஞ்சின். ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, முடிச்சிடுவது நம் வேலை. வண்ணத்தாள் ஒட்டுவதும் சக்கரம் வரைவதும் குழந்தைகள் வேலை. பொத்தானைச் சக்கரமாக்கலாகாது, வாயில் போட்டுக்கொள்வார்கள்.

இஞ்சினை இழுத்தால் நூல் ஒவ்வொன்றாக விறைத்துப் பெட்டிகள் நகரும். மணல் நிரப்பினால் இழுப்பது கடினமாகும். எடை கூட, உராய்வும் கூடுகிறது. நாம் வகுப்பில் சூத்திரமாகப் படித்ததை அப்பிஞ்சு விரல்கள் முன்னரே அறிகின்றன. அவர்கள் நாளை கல்லூரிக்கு வரும்போது அறிவியல் அவர்களுக்கு அந்நியமாக இராது.