‘ஒண்ணும் பண்ணாது, வாங்க!’

1980-களில் பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக்குள் இருந்த ஒரே நாய், ஷோகேஸில் இருந்த பீங்கான் நாய்தான். விருத்தாசலத்திலிருந்து வாங்கி வந்த பொம்மை. உயிருள்ள நாய்க்கு மணி என்று பெயர். அதன் இடம் கொல்லை, வாசல், தெரு. திண்ணையில் ஒரு கால் வைத்தால் போதும், “சீ, போ அந்தாண்ட” என்று ஆயாவின் குரல் வந்துவிடும். விளிம்பு உடைந்த மண்சட்டியில் கஞ்சி, மீந்த சோறு, எப்போதாவது மீன் முள். நாள் முழுக்கத் தெரு நாய்களோடு சுற்றும். கரும்பு வண்டிகளின் பின்னால் ஓடும். இராத்திரி வாசலில் படுத்துக்கொள்ளும்.

மணி யார் மேலும் தாவியதாக எனக்கு நினைவில்லை. அப்பா வெளியூரிலிருந்து வந்தால் தெருமுனையிலேயே கண்டுகொண்டு ஓடும். காலடியில் புரளும், வாலை ஆட்டும், அவ்வளவுதான். அதை யாரும் பழக்கவில்லை. குட்டியில் யாரும் தூக்கிக் கொஞ்சாததால், மனித முகத்துக்கு அருகே போகலாம் என்பதே அதற்குத் தெரியாமல் இருந்திருக்கும். மீறித் தாவிய நாய்களுக்குக் கிடைத்தது உதை. அந்தக் காலம் நாய்க்கு நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு தெரு இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள், ஒரு வேலையும் இருந்தது.

அந்த வேலைக்கு நம் ஊர்களில் பெரிய மரியாதையே உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளுக்காகச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது.

இன்று எங்கள் வீட்டில் இருப்பது ராக்கி. லாப்ரடார், வயது இரண்டு, எடை 30 கிலோ. கேட்டும் கிரில்லும் போட்ட வீடு. ஹாலில் மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் அதற்குப் பேச்சுத்துணை கிடையாது, ஓட இடம் கிடையாது, காவல் காக்க ஓர் ஆடு கிடையாது. பகல் முழுவதும் அதற்கு நடக்கிற ஒரே சங்கதி, யாராவது வந்து கேட் திறப்பது. அந்தச் சத்தம் கேட்டதும் அடக்கி வைத்த அத்தனையும் வருகிறவர் மேல் பாய்கிறது.

இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது அது முழங்காலில் தொற்றி ஏறும். தூக்கி மூக்கோடு மூக்கு உரசினோம். நாய்க்குட்டிகள் தாயின் வாயை நக்கித்தான் உணவு கேட்கும். நாய்கள் முகத்தோடு முகம் வைத்தும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். நம் முகம் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் அது எம்பிப் பார்க்கிறது. அதைப் பார்த்துச் சிரித்துத் தூக்கியவர்கள் நாங்கள். அதே காரியத்தை 30 கிலோவில் செய்தபோது அதட்டியவர்களும் நாங்கள்தான்.

சென்ற ஆண்டு ஒரு சோமவாரம். எங்கள் ஊர்ப் பிரளயகாலேசுவரர் கோயிலிலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். கேட்டருகே தயங்கி, “கட்டிப் போடுப்பா அந்த நாய” என்றார். “ஒண்ணும் பண்ணாது, வாங்க பெரியம்மா” என்றேன். அடுத்த நொடி ராக்கியின் முன்னங்கால் இரண்டும் அவர் தோளில் இருந்தன. படியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கைக்குக் கீழே மட்டும் இரண்டு நகக்கீறல். சிந்திய விபூதியை அவர் ஒரு கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நாய் நகக் கீறலையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. இந்தியாவில் 2004-ல் கைவிடப்பட்டது. இன்று கையில், முதல் நாள் தொடங்கி 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரியம்மா நான்கு தடவையும் போய் வந்தார். நானும் கூடவே போனேன்.

அதன் பிறகுதான் முறையாகப் பழக்க ஆரம்பித்தோம். தெரிந்தவர்கள் சொன்னதெல்லாம் பழைய வைத்தியம்: தாவும்போது முழங்காலால் நெஞ்சில் இடி, பின்னங்கால் விரலை மிதி. ஒரு காலத்தில் நாய்ப் பயிற்சியாளர்களே இதைச் சொன்னதுண்டு. இன்று மாறிவிட்டது. அமெரிக்காவின் கேரன் பிரையர் 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினை அடித்துப் பழக்க முடியாது, நீந்திப் போய்விடும். விசிலும் மீனுமாக அவர் கற்ற வழி பிறகு நாய்களுக்கும் வந்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் 2021-ல், நாய்களை வெகுமதி கொடுத்தே பழக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அடி வாங்கிய நாய் தாவுவதை விடலாம்; ஆனால் வருகிற ஆளைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்ளும். பயந்த நாய் கடிக்கவும் கூடும்.

நாங்கள் செய்தது இதுதான். ராக்கி தாவினால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பது. பேசுவதில்லை, பார்ப்பதில்லை, தள்ளுவதும் இல்லை. கையால் தள்ளுவது அதற்கு விளையாட்டு. “டேய்” என்று கத்துவது அதற்குப் பதில் பேச்சு. நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் குனிந்து, உப்புப் போடாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று. முதல் நான்கைந்து நாள் முன்னைவிட அதிகமாகத் தாவியது. எப்போதும் பலித்த தந்திரம் பலிக்காதபோது இன்னும் வேகமாக முயன்று பார்க்கும். அங்கே மனம் இளகிக் கொஞ்சிவிட்டால், வேகமாகத் தாவினால்தான் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். பிறகு ‘உட்கார்’ பழக்கினோம். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது.

நாயைவிடக் கடினமாக இருந்தது வீட்டு மனிதர்களைப் பழக்குவது. நானும் மனைவியும் திரும்பி நிற்போம்; சாயங்காலம் வருகிற தம்பி நெஞ்சைத் தட்டி “வாடா ராஜா” என்பான். பத்துத் தடவையில் ஒரு தடவை பலித்தாலும் பழக்கம் போகாது. எப்போதாவது கிடைக்கும் வெகுமதிதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். தம்பியை உட்கார வைத்துப் பெரியம்மாவின் கையை நினைவுபடுத்திய பிறகுதான் வீடு ஒரு சொல்லுக்கு வந்தது. கூடவே காலையில் முக்கால் மணி நேரம் வெள்ளாற்றங்கரைப் பக்கம் நடை. மூன்று மாதத்தில் ராக்கி கேட் சத்தத்துக்கு வந்து உட்காரத் தொடங்கியது. பின்பாகம் தரையில் நிலைகொள்ளாமல் நடுங்கும், வால் தரையைப் பெருக்கும். ஆனாலும் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி பெண்ணாடத்துக்கும் வந்து சேர்ந்தது. முன்பு பயம் தெருநாயைப் பற்றி. இன்று வீட்டு நாயைப் பற்றியும் பயம். தாவுகிற நாயின் அன்பு நமக்குத் தெரியும். வருகிறவருக்குத் தெரிவது பல் மட்டும்தான். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை.

அந்தக் காலத்தில் ஆயா வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: “நாயி இருக்கு, பாத்து வாங்க.” நாம் ‘ஒண்ணும் பண்ணாது’ என்கிறோம், பொறுப்பை வருகிறவர் தலையில் வைத்துவிடுகிறோம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். கேட்டைத் திறக்கும் முன் வார்ப்பட்டையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியம்மா இப்போதும் கேட்டருகே நின்று “கட்டியிருக்கா?” என்றுதான் கேட்கிறார். கட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.