நட்ட நெல்லா, தானாக முளைத்த நெல்லா?

முந்தைய போகத்தில் உதிர்ந்த மணி, யாரும் விதைக்காமலே அடுத்த போகத்தில் முளைத்துப் பயிரோடு பயிராக நிற்பதுதான் தான்தோன்றி நெல். பட்டுத் தறிகளுக்கு இணையாக அரிசி ஆலைகளாலும் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்குப் பின் நெல்லே நடப்படுவதால், இத்தகைய கலப்புக்கு வாய்ப்பு அதிகம். அறுவடை இயந்திரம் சிந்தும் மணியும், சரியாக மட்காத தொழுவுரமும் இதைப் பரப்புகின்றன.

அடையாளம் காண்பது

நட்ட பயிர் வரிசையில், குத்துக் குத்தாக நிற்கும். தான்தோன்றி நெல் வரிசைக்கு இடையில் தனித்தோ, கதிர் உதிர்ந்த இடத்தில் கொத்தாகவோ முளைக்கும். ரகம் வேறானால் உயரம், கதிர் வரும் நாள், மணியின் பருமன் ஆகியவை காட்டிக்கொடுக்கும். கலவன் செடிகள் நட்ட குத்துகளுக்குள்ளேயே பரவலாக இருந்தால் விதையையும் நாற்றங்காலையும் ஆராய வேண்டும். அதே குவியல் எண்ணுள்ள விதையை நட்ட மற்றொருவர் வயலிலும் கலவன் இருந்தால், விதை மீதான சந்தேகம் வலுப்படும்.

இழப்பு

ஏடிடீ 37 சுமார் 105 நாளில் விளையும் குண்டு ரகம். பிபிடி 5204 அதைவிட ஒரு மாதத்துக்கும் மேல் பிந்தி விளையும் சன்ன ரகம். இரண்டும் கலந்தால், முந்தி விளைந்தது உதிர்ந்து மீண்டும் மண்ணில் சேரும். சன்ன நெல்லுக்கான விலையும் குறையும். விதைப்பண்ணை நிலத்தில் தான்தோன்றிப் பயிர் இருக்கக் கூடாது என்பது சான்றளிப்பு விதி. சான்று விதை வயலில் கலவன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தடுப்பது

அறுவடைக்குப் பின் நீர் பாய்ச்சி, உதிர்ந்த மணி முளைத்ததும் மடக்கி உழுது சேறாக்க வேண்டும். களத்துமேட்டில் நாற்றங்கால் அமைக்கக் கூடாது. தூர்கட்டும்போதும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்பும் கலவன் அகற்ற வேண்டும்.

உரிமையும் தீர்வும்

சொந்த விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் பகிரவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. விதை வாங்கி ஏமாந்த விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விதை ஆய்வாளரிடம் புகார் தருவதோடு, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். ரசீது, சான்று விதையின் நீல அட்டை, பை, மீதி விதை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

அறுத்த வயலில் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே பயிர் நிற்கும்போதே படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, வேளாண் அலுவலரை வயலுக்கு அழைக்க வேண்டும்.